ஏலமலை எல்லையில் ஒரு பிள்ளை வாய் திறந்தால்: யார், எதை, எத்தனை மணி நேரத்துக்குள்

கம்பம், கூடலூர், போடி பக்கத்திலிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிற குடும்பங்கள் உண்டு. வண்டிப்பெரியாறு, பீர்மேடு, மூணாறு பக்கம் லயத்து வீடுகளிலேயே, அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளிலேயே, மூன்று தலைமுறை கடத்திய குடும்பங்களும் உண்டு. ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், கூலி இன்னொரு மாநிலத்தில். இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தால், அது நடந்த இடம் இடுக்கி மாவட்டமாக இருக்கும், பள்ளி தேனி மாவட்டத்தில் இருக்கும், பிள்ளை முதலில் சொன்ன பாட்டி இன்னோர் ஊரில் இருப்பார்.

இரு பக்கத்துக்கும் சட்டம் ஒன்றுதான்: பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள போக்சோ சட்டம், 2020 போக்சோ விதிகள், 2015 இளைஞர் நீதிச் சட்டம். அலுவலகங்கள் மட்டும் இரண்டு அடுக்கு. காவல் நிலையம், மருத்துவமனை, குழந்தைகள் நலக் குழு என ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒரு வேலை நடந்துவிடுகிறது. நடந்ததை அடுத்த இடத்துக்கு எழுத்தில் கைமாற்றுவதில்தான் வழக்குகள் விழுகின்றன. ஆகவே ஆசிரியர், அங்கன்வாடி டீச்சர், ஆஷா பணியாளர், தொழிற்சங்கத்தார், மருத்துவமனை நர்ஸ் ஆகியோருக்கான இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கைமாற்றங்களைப் பற்றியது.

யாரிடம் என்ன அதிகாரம்

காவல்துறை: புகாரைப் பதிவது, விசாரிப்பது, கைது செய்வது. தமிழ்நாட்டில் இந்த வழக்குகள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும். கேரளத்தில் உள்ளூர் ஸ்டேஷனிலேயே பதிவாகும். எந்த ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் உதவி எஸ்.ஐ. பதவிக்குக் குறையாதவர். மாவட்ட அளவில் டி.எஸ்.பி. தலைமையில் சிறப்புச் சிறார் காவல் பிரிவு உண்டு, அதில் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள், ஒருவர் பெண்.

குழந்தைகள் நலக் குழு: தலைவரும் 4 உறுப்பினர்களும். இரு மாநிலத்திலும் பேச்சு வழக்கில் சி.டபிள்யூ.சி. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளை எங்கே, யாருடன் இருப்பது என்பதை இவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தாசில்தாரோ, பஞ்சாயத்தோ, எஸ்டேட் நிர்வாகமோ அல்ல. குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். கூடாத நாளில் ஓர் உறுப்பினரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம், அவர் வீட்டில் இருந்தாலும் சரி. "நாளைக்குத்தான் சிட்டிங்" என்பது பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் காரணம் ஆகாது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு: மொழிபெயர்ப்பாளர், ஆதரவு நபர் (வழக்கு நெடுகப் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்பவர்), சிறப்புக் கல்வியாளர் பட்டியல் இவர்களிடம். அவர்களுக்கான ஊதியமும் இங்கிருந்துதான். 1098 உதவி எண்ணின் மாவட்டப் பிரிவும் இந்த அலகோடு சேர்ந்தது.

மற்றவர்களைச் சுருக்கமாக: அரசு மருத்துவமனை, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, அதாவது இலவச வழக்கறிஞரும் அவசரப் பணமும், 181 எண்ணில் கிடைக்கும் ஒருங்கிணைந்த சேவை மையம், போக்சோ சிறப்பு நீதிமன்றம். தோட்ட வேலைக்குப் பிள்ளையை வைத்திருந்த விவகாரமும் கலந்திருந்தால் தொழிலாளர் துறை. குற்றம் சாட்டப்பட்டவரும் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அவர் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இந்தப் பிள்ளைக்கு உரிய பாதுகாப்பில் அதனால் ஒன்றும் குறையாது.

பிள்ளை சொன்ன முதல் அரை மணி

கேளுங்கள், ஆனால் விசாரிக்காதீர்கள். "அப்புறம்?", "சொல்லு கண்ணு" என்பதற்கு மேல் பேச்சு தேவையில்லை. "அந்த மாமா இப்படிச் செய்தாரா?" என்று நீங்களே விடையை எடுத்துக் கொடுத்தால், பிறகு நீதிமன்றத்தில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்ததாக எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். யார், எங்கே, ஏறத்தாழ எப்போது, இன்றிரவு அந்த ஆள் இருக்கும் இடத்துக்குப் பிள்ளை திரும்ப வேண்டியிருக்கிறதா, உடம்பில் வலியோ ரத்தமோ உண்டா: இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியைக் கேட்கும் பொறுப்பு வேறு ஆளுக்கு.

பிள்ளை போனதும் எழுதுங்கள். தேதி, மணி, இடம், உடனிருந்தவர், பிள்ளை பேசிய அதே சொற்கள். உடல் உறுப்புக்குப் பிள்ளை வீட்டு வார்த்தை சொன்னால் அதையே எழுதுங்கள், நாகரிகமாக்க வேண்டாம். "பாலியல் தொந்தரவு நடந்ததாகக் கூறினாள்" என்ற வரியால் விசாரணைக்கு ஒரு பயனும் இல்லை. கீழே கையெழுத்து. தாளை மடித்து உறையில் பத்திரப்படுத்துங்கள். ஸ்டாஃப் ரூமில் சுற்றுக்கு விடாதீர்கள், வாட்ஸப்பில் அனுப்பவே வேண்டாம்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்கிற ஆட்களிடம் மட்டும் சொல்வேன்" என்பது உண்மை, பிள்ளைக்கும் அது புரியும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் கூடாது. ஆள் ஜீப் ஏறி மலையிறங்கிவிடுவார், இல்லையென்றால் பிள்ளையின் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

தகவல் கொடுப்பது கடமை

போக்சோ பிரிவு 19 படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர் காவல் நிலையத்திலோ சொல்லியாக வேண்டும். சாட்சி திரட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. சொல்லாமல் விட்டால் பிரிவு 21 படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். எஸ்டேட் மேனேஜருக்கும் பள்ளி நிர்வாகிக்கும் விடுதிக் காப்பாளருக்கும் இது பொருந்தும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. பிள்ளை சொல்லாமல் இருந்ததற்காகப் பிள்ளையைத் தண்டிக்கவும் முடியாது.

தலைமையாசிரியரிடம் சொன்னதோடு வகுப்பாசிரியரின் கடமை முடிவதில்லை. காவல்துறைக்குத் தகவல் போனது என்று எழுத்தில் தெரியும்வரை அது அவர் கடமைதான்.

அவசரம் என்றால் 112. பிள்ளைக்கான உதவிக்கு 1098. எல்லையோரத்தில் பேசும்போது இடத்தை முழுதாகச் சொல்லுங்கள்: மாநிலம், மாவட்டம், தாலுகா, எஸ்டேட் பெயர், டிவிஷன், எந்த லயம். "குமுளிப் பக்கம்" என்றால் மலைக்கு மேலா கீழா என்றே தெரியாது. பேசிய மணியையும் எடுத்தவர் கொடுத்த எண்ணையும் குறித்துக்கொண்டு, அன்றே எழுத்திலும் அனுப்புங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் சமாதானம் பேச ஆட்கள் வருவார்கள். ஊர்ப் பெரியவர், கங்காணி, சில நேரம் பிள்ளையின் சொந்த மாமாவே. "பணம் வாங்கிக் கொடுத்து முடிச்சிரலாம், பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணும்ல" என்பார்கள். குடும்பத்தின் பயம் நியாயமானது, அதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஆனால் இது சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றம் அல்ல. இரு தரப்பும் ராசியாகிவிட்டதைக் காரணம் காட்டிப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஸ்டேஷனில் நடக்க வேண்டியது

தகவல் பதிவேட்டில் ஏறி, எண் கிடைத்து, சொன்னவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். பிறகு எஃப்.ஐ.ஆர். அதன் நகல் இலவசம். தமிழ்நாட்டில் சில இடங்களில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டுமான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, "விசாரிச்சுட்டுப் போடுறோம்" என்பார்கள். போக்சோவுக்கு அது செல்லாது. பதிவு செய்யத் தவறும் காவல் அலுவலருக்கும் அதே பிரிவு 21 தண்டனை உண்டு.

பிள்ளையின் வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அலுவலர் எடுக்க வேண்டும், அவர் சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளை நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. லயத்து வீட்டில் எடுப்பதில் ஒரு சிக்கல்: சுவர் ஒன்று, இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். போலீஸ் ஜீப் லயத்து வாசலில் நின்றாலே யார் வீட்டுப் பிள்ளை என்று மாலைக்குள் டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிடும். அங்கன்வாடியோ, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஓர் அறையோ கேளுங்கள். அது "பிள்ளை விரும்பும் இடம்" என்பதற்குள் வரும்.

24 மணி நேரம்: காவல்துறையிலிருந்து நலக் குழுவுக்கு

மொத்த ஏற்பாட்டிலும் அதிகம் அறுந்துபோகிற கண்ணி இது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழுவுக்குப் போகும் தாள் படிவம் 'பி', அதாவது முதல்நிலை மதிப்பீட்டு அறிக்கை. பிள்ளையின் வயது, காயம், குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வகையில் தெரிந்தவர், வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா, ஆபத்து தொடர்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். குடும்பத்துக்குப் படிவம் 'ஏ' தர வேண்டும், அவர்களுக்கு உள்ள உரிமைகளின் பட்டியல் அது. இவை இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் தெரிந்து கேட்கும்போது கிடைக்கும் மரியாதை வேறு.

எல்லாப் பிள்ளையையும் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை. நேரில் கொண்டுபோக வேண்டிய நிலைகள் மூன்று: குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருப்பவர், பிள்ளை பெற்றோர் ஆதரவின்றிக் குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறது, வீடும் பெற்றோரும் இல்லாத பிள்ளை. இம்மூன்றிலும் 24 மணி நேரத்துக்குள். மற்றவற்றில் அறிக்கை போனால் போதும். தாய் நம்பத்தக்கவராக இருந்து, ஆள் வெளியாளாக இருந்தால், பிள்ளையை மலைப் பாதையில் மூன்று மணி நேரம் வாந்தியோடு கூட்டிக்கொண்டு போய் இன்னொரு முறை பேசவைப்பதில் யாருக்கும் பயன் இல்லை.

வீட்டு ஆள் என்றால், பிள்ளையை அந்த வீட்டிலிருந்து எடுக்க வேண்டுமா என்று குழு 3 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும். எங்கள் கருத்து: கூடியவரை ஆள் வெளியேற வேண்டும், பிள்ளை அல்ல. பள்ளி, தம்பி தங்கை, தோழிகள் எல்லாவற்றையும் விட்டு இல்லத்துக்கு அனுப்பப்படும் பிள்ளை தனக்குத் தண்டனை கிடைத்ததாகவே எடுத்துக்கொள்கிறது, பல பிள்ளைகள் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுகின்றன. பெரியம்மா வீடு மலைக்குக் கீழே பாதுகாப்பாக இருந்தால், அந்த மாவட்டக் குழுவிடம் வீட்டு விசாரணை அறிக்கை கேட்டு வாங்கி அங்கே அனுப்பலாம்.

கூடப்பிறந்த பிள்ளைகளை மறக்கவே கூடாது. பாலக்காட்டு எல்லையில் வாளையாறில் 2017 ஜனவரியில் 13 வயதுச் சிறுமி இறந்தாள். பாலியல் கொடுமை நடந்திருக்கக்கூடும் என்ற குறிப்பு அவள் பிரேதப் பரிசோதனையில் இருந்தது. அந்தக் குறிப்பு அதே வீட்டிலிருந்த 9 வயதுத் தங்கைக்கு ஒரு பாதுகாப்பாக மாறவில்லை. மார்ச்சில் அவளும் இறந்தாள். 2019-இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக வழக்கறிஞராக ஆஜராகியிருந்தவரே மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராகவும் இருந்தார் என்று கிளம்பிய எதிர்ப்புக்குப் பின் அவர் நீக்கப்பட்டார். 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. மருத்துவர் எழுதிய ஒரு வரி யார் மேசைக்குப் போக வேண்டும், அந்த மேசையில் இருப்பவர் யாருக்கு வேண்டியவர் என்ற இரண்டு கேள்வியையும் ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டியதற்கு இதைவிடக் கசப்பான காரணம் வேண்டாம்.

மருத்துவமனை

முதலில் சிகிச்சை, பிறகுதான் காகிதம். எஃப்.ஐ.ஆர். இல்லை, போலீஸ் மெமோ இல்லை என்று எந்த மருத்துவரும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாகப் பார்க்க வேண்டும். சிறுமியைப் பெண் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும், யாரும் இல்லையென்றால் மருத்துவமனை நியமிக்கும் ஒரு பெண். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். பரிசோதனை வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செய்வதே தவறான நடத்தை என்றது.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருத்தடை அவசர மாத்திரையும் 72 மணிக்குள், தாமதமானால் 5 நாள் வரை. தடய மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுக்கலாம் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல். ஆகவே பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடை மாற்றாமல் கூட்டிப்போவது நல்லது. மாற்றிவிட்டால் அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் நின்று பூஞ்சை பிடித்துத் தடயம் அழியும், மலைக் காற்றில் அது இன்னும் சீக்கிரம்.

96 மணி தாண்டிவிட்டால் போகாமல் இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் வாரம், மாதம் கழித்துத்தான் பேசுகிறார்கள். காயம் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது. அறிக்கையிலும் மருத்துவர் அப்படி முடிவு எழுதக் கூடாது. அறிக்கை 7 நாளுக்குள் விசாரணை அலுவலருக்குப் போக வேண்டும். மனநல மதிப்பீட்டையும் அன்றே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள், பலரும் விடுவது அதைத்தான்.

கர்ப்பம் தெரிந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்து. அதற்கு மேல் பெரும்பாலும் உயர் நீதிமன்றம் போக வேண்டிவரும், சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை அன்றே கூப்பிட வேண்டும். கருச்சிதைவு நடந்தால் டி.என்.ஏ. மாதிரியைப் பாதுகாக்க விசாரணை அலுவலர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது மறந்துபோனால் வழக்கின் மிக வலுவான சான்று குப்பைக்குப் போகும்.

தமிழில் சொன்னது தமிழிலேயே நிற்க வேண்டும்

கேரளத்து ஸ்டேஷனில் எழுத்து மலையாளம். அலுவலர்கள் பலருக்குத் தமிழ் பேச்சுப் புரியும், அதனாலேயே மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடாமல் விடுகிறார்கள். பிள்ளை சொன்னதைக் கேட்டு, தன் மனதுக்குள் மாற்றி, மலையாளத்தில் எழுதி, தாயிடம் கையெழுத்து வாங்குவார்கள். தாய்க்கு அந்த எழுத்து தெரியாது. ஓராண்டு கழித்துக் கூண்டில் பிள்ளை தமிழில் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒட்டவில்லை என்றால் எதிர்த்தரப்புக்கு வேறொன்றும் வேண்டாம்.

பிரிவு 19 இதற்கு வழி வைத்திருக்கிறது. பதிவாகும் மொழி பிள்ளைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். மாஜிஸ்திரேட் முன்பும், சிறப்பு நீதிமன்றத்திலும் அப்படியே. குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பட்டியலிலிருந்து ஆளை அழைக்கலாம். குடும்பம் செலவு செய்யத் தேவையில்லை. அவர் எந்தத் தரப்புக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது. எஸ்டேட் சூப்பர்வைசர், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் அண்ணன், இவர்கள் யாரும் மொழிபெயர்க்க உட்காரக் கூடாது. எஸ்டேட் ஆள் உட்கார்ந்தால் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். அண்ணன் உட்கார்ந்தால் அவரே வெட்கத்தில் பாதியை விழுங்குவார்.

ஆகவே எழுத்து மூலம் மூன்று கேளுங்கள். பிள்ளையின் கூற்றை முக்கியமான இடங்களில் பிள்ளையின் தமிழ்ச் சொற்களோடே எழுதச் சொல்லுங்கள். ஒலி, ஒளிப்பதிவு எடுத்து அதைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் தமிழில் வாசித்துக் காட்டியதாக ஒரு வரி இருக்கட்டும். மனுக்களைத் தமிழிலேயே கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் அங்கே தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. மலை இறங்கி வந்த வழக்கில் கதை தலைகீழ்: மலையாளத்தில் உள்ள மருத்துவ அறிக்கையும் வாக்குமூலமும் தமிழ்நாட்டு ஸ்டேஷனுக்கு வந்து, யாரும் படிக்காமல் கோப்பில் கிடக்கும். சான்றளித்த மொழிபெயர்ப்போடு அனுப்பும்படி முதல் நாளே கேளுங்கள்.

எல்லை தாண்டும் வழக்கு

குற்றம் நடந்த இடமே விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் எல்லை. ஆனால் புகாரை எங்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 படி, எல்லைக்கு வெளியே நடந்தது என்றாலும் ஸ்டேஷன் பதிவு செய்தாக வேண்டும். இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கம்பத்தில் பாட்டியிடம் சொன்ன பிள்ளையை "அது கேரளா கேஸு, வண்டன்மேட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அங்கேயே பதிந்து, அங்கேயே மருத்துவப் பரிசோதனை முடித்து, கோப்பை மாற்ற வேண்டும்.

ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் கவலை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. கோப்பு தபாலில் போகிறது, அந்தப் பக்கம் புது எண் விழ வேண்டும், அது விழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை. 3 நாளுக்குள் மறுபக்க ஸ்டேஷனின் குற்ற எண், விசாரணை அலுவலர் பெயர், தொலைபேசி மூன்றையும் வாங்குங்கள். அனுப்பிய ஸ்டேஷனின் கடித எண், தேதி இருந்தால்தான் அந்தப் பக்கம் தேட முடியும்.

அடுத்தது, பிள்ளையை மறுபடி முதலிலிருந்து பேசவைப்பது. புது விசாரணை அலுவலர், புது வாக்குமூலம், புது மருத்துவர் என்று ஆரம்பிப்பார்கள். முதல் வாக்குமூலமும் மருத்துவ அறிக்கையும் ஒழுங்காக வந்திருந்தால் சந்தேகம் உள்ள இடத்தை மட்டும் கேட்டால் போதும். உடல் பரிசோதனையை இரண்டாம் தடவை செய்ய முனைந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நலக் குழுக்களிலும் இரண்டு வேலை உண்டு. பிள்ளை கிடைத்த மாவட்டத்துக் குழு உடனடிப் பாதுகாப்பைப் பார்க்கும். பிள்ளையின் வீடு வேறு மாவட்டம் என்றால், இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 95 படி விசாரித்து அந்த மாவட்டக் குழுவுக்கு மாற்ற வேண்டும். சிறுமி என்றால் துணைக்குப் பெண் போக வேண்டும். உத்தரவு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் போய்ச் சேர்வது சாதாரணமாக நடக்கிறது. பிள்ளையோடே உத்தரவு நகல், மருந்துச் சீட்டு, தடுப்பு மருந்தில் மீதி எத்தனை நாள், ஆதரவு நபரின் எண் எல்லாம் போக வேண்டும். 28 நாள் மருந்து பத்தாம் நாளில் நின்றுபோவது இந்தப் பயணத்தில்தான். பள்ளி மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று புதுப் பள்ளி சேர்க்க மறுத்தால் குழுவே உத்தரவு போடலாம். சான்றிதழில் காரணம் எழுதவே கூடாது.

எல்லையில் அடிக்கடி வரும் இன்னொரு வகை: தமிழ்நாட்டில் 16, 17 வயதில் கல்யாணம் செய்துகொடுத்த பெண் தோட்ட வேலைக்கு வந்து, கேரள மருத்துவமனையில் பிரசவத்துக்குப் போகிறாள். வயது தெரிந்ததும் மருத்துவமனை காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். உடனே பெண்ணைச் சுற்றிப் போலீஸ், குழு, இரு பக்கச் சொந்தம் எல்லாம் திரள, பயந்து இரவோடு இரவாக டிஸ்சார்ஜ் ஆகாமலே போய்விடுகிறார்கள். பிரசவச் சிகிச்சை நிற்காது என்பதை முதலில் அவளிடம் உறுதியாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதன் பிறகு. இரு மாவட்டக் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்களுக்கும் தகவல் போக வேண்டும்.

ஒரே மேசையில் உட்காருவது

முதல் வாரத்திலேயே குழு, விசாரணை அலுவலர், மருத்துவர், பாதுகாப்பு அலகு, ஆதரவு நபர், பள்ளியில் ஒருவர் ஆகியோரை நேரிலோ வீடியோவிலோ ஒன்றாகப் பேசவைக்க நலக் குழுவிடம் கேளுங்கள். எல்லை வழக்கென்றால் இரு மாவட்டமும். அரை மணி நேரம் போதும். பேச வேண்டியது: பிள்ளை இன்று எங்கே தூங்குகிறது, ஆள் எங்கே, எந்தத் தாள் இன்னும் வரவில்லை, அடுத்த தேதி என்ன, குடும்பத்தோடு பேசும் ஒரே ஆள் யார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் ஆறு பேர் ஆறு விதமாகப் போன் செய்வார்கள், தாய் எல்லோருடைய எண்ணையும் எடுக்காமல் விட்டுவிடுவார்.

அந்த ஒரே ஆள் ஆதரவு நபராக இருப்பதே சரி. பிள்ளை, பெற்றோர் சம்மதத்தோடு குழு அவரை நியமிக்கும். நியமித்ததைக் காவல்துறை 24 மணிக்குள் நீதிமன்றத்துக்குச் சொல்லும். பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் காரணம் சொல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். எல்லை வழக்கில் தமிழ் பேசத் தெரிந்தவராக, நீதிமன்றம் உள்ள மாவட்டத்திலிருந்து கேளுங்கள். பிள்ளை மலைக்குக் கீழே இருந்தால் அங்கே ஒருவர் துணைக்கு இருக்கட்டும், ஆனால் கோப்பு ஒருவரிடமே இருக்கட்டும்.

கூட்டக் குறிப்பிலும் கடிதத்திலும் பிள்ளையின் பெயர், பள்ளி, லயம் எழுத வேண்டாம், குற்ற எண் போதும். அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை உண்டு. ஊர் வாட்ஸப் குழுவில் படம் போடுபவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கூலி போகிற நாள்

தினக்கூலிக் குடும்பம் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு நாள் கூலியும் ஜீப் காசும் இழக்கிறது. மூன்றாம் அழைப்புக்கு வராமல் போனால் "குடும்பம் ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் ஏறும். போக்சோ விதி 8 படி உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரச் செலவுக்குக் குழு பரிந்துரைக்கலாம், ஒரு வாரத்துக்குள் பணம் வர வேண்டும். குழுவிடம் பேருந்து, ஜீப் கட்டணம், இழந்த கூலி நாள் எல்லாவற்றையும் கணக்கெழுதி மனுவாகக் கொடுங்கள். கேட்காமல் பெரும்பாலும் வராது.

இழப்பீடு வேறு. எஃப்.ஐ.ஆர். பதிவானதும் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். தண்டனை கிடைத்தால்தான் என்பதில்லை; ஆள் விடுதலையானாலும், ஆளே கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் நீதிமன்றம் தரலாம். உத்தரவு வந்து 30 நாளுக்குள் அரசு செலுத்த வேண்டும். பணம் பிள்ளையின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகட்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் அந்த வீட்டில் இருந்தால் கணக்கை யார் இயக்குவது என்று குழுவிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நீதிமன்றம்

காவல்துறை விசாரணை 2 மாதத்தில் முடிய வேண்டும். நீதிமன்றம் வழக்கை ஏற்றதிலிருந்து 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியம், கூடியவரை ஒரு வருடத்துக்குள் வழக்கு முடிவு. நடைமுறையில் தள்ளும், தள்ளும்போது ஆதரவு நபர் குடும்பத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். பிள்ளை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்க வேண்டியதில்லை, கதவடைத்த அறையில் சாட்சியம், இடையில் ஓய்வு, மிரட்டும் கேள்விக்குத் தடை. கேள்விகளை வழக்கறிஞர் நீதிபதியிடம் கொடுத்து, நீதிபதிதான் பிள்ளையிடம் கேட்பார். முந்தின நாளே அறையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மழைக் காலத்தில் மலைச்சாலை அடைபட்டால் பிள்ளை வர முடியாது. வீடியோ வழியாக, வேறு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலிருந்து சாட்சியம் எடுக்கச் சிறப்பு அரசு வழக்கறிஞர் மூலம் முன்கூட்டி மனுப் போடுங்கள்.

நகராத கோப்பு

ஸ்டேஷன் பதியவில்லை என்றால் புகாரை அஞ்சலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள், பதிவு அஞ்சல் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று காவல்துறை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால் அதுவே ஒரு மனுவுக்குப் போதுமான காரணம்.

போக்சோ நடைமுறையைக் கண்காணிக்கும் பொறுப்பு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்களுக்கு உண்டு. எல்லை வழக்கில் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் ஒரே நாளில், ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் மற்றதற்கும் நகல் போயிருப்பதாக எழுதுங்கள். கடிதத்தில் குற்ற எண், தேதிகள், எந்தத் தாள் எந்த அலுவலகத்திலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போகவில்லை என்பது மட்டும் இருக்கட்டும். "ஜீரோ எஃப்.ஐ.ஆர். இந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, இன்றுவரை மறுபக்கம் எண் விழவில்லை" என்ற ஒரு வரிக்கு இரண்டு எஸ்.பி.க்களும் பதில் எழுதியாக வேண்டியிருக்கும்.